பழைய விஎம்சி வாங்கி கண்ட்ரோல் மாற்றுவது: முதலில் இரும்பு, பிறகு மின்சாரம்

பழைய மெஷின் வியாபாரிகளின் குடோனில் 1985-க்கும் 1998-க்கும் இடையில் செய்த ஜப்பான் அல்லது தைவான் விஎம்சி (ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கும் சிஎன்சி மில்லிங் மெஷின்) ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிடி40 டேப்பர் (டூல் ஹோல்டர் உட்காரும் கூம்புத் துளையின் அளவு), 800-க்கு 400 மி.மீ. ஓட்டம், ஒன்பது அங்குலப் பச்சைத் திரை. வாங்க வருகிறவர்கள் அந்தத் திரையைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியது கீழே இருக்கும் வார்ப்பிரும்பைப் பார்த்து. கண்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கணினி) காசு கொடுத்தால் கிடைக்கும். நடுவில் தேய்ந்துபோன ஸ்லைடை (டேபிள் ஓடும் தடம்) கிரைண்டிங், ஸ்க்ரேப்பிங் செய்து மீட்கப் போனால் மெஷின் வாங்கிய விலையைச் செலவு தாண்டிவிடும். அதனால் இந்தக் குறிப்பில் பாதி, கண்ட்ரோலைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது.

பார்க்கப் போகும்போது

பையில் இருக்க வேண்டியவை: ஒரு மைக்ரான் லீவர் டயலும் மேக்னெட் ஸ்டாண்டும், பிடி40 டெஸ்ட் பார் (300 மி.மீ.), கிரானைட் ஸ்கொயர், மல்டிமீட்டர், 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்), நீல மை, கொஞ்சம் கிரீஸ், 6 மி.மீ. எஃகுக் குண்டு ஒன்று, நல்ல டார்ச். விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: நாங்கள் வருவதற்கு முன் மெஷினை ஓட்ட வேண்டாம். போனதும் ஸ்பிண்டில் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வரும் ஏதோ ஒரு சத்தத்தையோ அலாரத்தையோ உங்களிடமிருந்து மறைத்திருக்கிறார்கள்.

பவர் வருகிறதென்றால் முதல் வேலை, பாராமீட்டர் பக்கங்களை எல்லாம் போட்டோ எடுப்பது. ஃபானுக் 0 வரிசையில் பாராமீட்டர்கள் பேட்டரியால் உயிர் பிழைக்கும் மெமரியில் இருக்கின்றன. வெளியே இருக்கும் பெட்டியில் டார்ச்சுக்குப் போடும் பெரிய டி சைஸ் செல் மூன்று இருக்கும், மொத்தம் 4.5 வோல்ட். குடோனில் ஆறு மாதம் நின்ற மெஷினில் இவை செத்திருக்க வாய்ப்பு அதிகம். செல் மாற்றும்போது கண்ட்ரோல் ஆனில் இருக்க வேண்டும். ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் எல்லாம் போய்விடும். 900-இல் தொடங்கும் பாராமீட்டர்கள் முக்கியம். எந்தெந்த ஆப்ஷன் திறந்திருக்கிறது என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன, மெஷினுக்கு மெஷின் வேறுபடும். பேனல் கதவின் உள்பக்கப் பையில் பாராமீட்டர் ஷீட், சர்க்யூட் டிராயிங், லேடர் பிரிண்ட் (மெஷினின் லாஜிக் புரோகிராம்) மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்காகவே கொஞ்சம் விலை கூட்டிக் கொடுக்கலாம்.

பிளே எங்கிருந்து வருகிறது

எல்லோரும் டேபிளில் டயல் வைத்து பேக்லாஷ் (திசை மாறும்போது டேபிள் நகராமல் வீணாகும் பிளே) பார்க்கிறார்கள். ஒரே இடத்தில் பார்ப்பதுதான் தவறு. எக்ஸ் அச்சில் இடக்கோடி, நடு, வலக்கோடி என மூன்று இடத்தில் பாருங்கள். அதற்கு முன், கண்ட்ரோலில் ஏற்கெனவே போட்டிருக்கும் பேக்லாஷ் ஈட்டைக் குறித்துவைத்துக்கொண்டு பூஜ்யமாக்குங்கள். ஃபானுக் 0-எம்மில் பாராமீட்டர் 535 எக்ஸ், 536 ஒய், 537 இசட். இதைச் செய்யாமல் அளந்தால், முந்தைய ஆள் மூடி வைத்ததை அளக்கிறீர்கள். 535-இல் 80, 90 என்று எண் இருந்தால் மெஷினின் வரலாறு அங்கேயே எழுதியிருக்கிறது.

ஹேண்ட்வீலில் 0.001 படியில் ஒரே திசையில், முள் அசையத் தொடங்கிய பிறகும் பத்துப் பதினைந்து கிளிக் தள்ளி டயலைப் பூஜ்யமாக்கி, எதிர்த்திசையில் எத்தனையாவது கிளிக்கில் முள் அசைகிறது என்று எண்ணுங்கள். மூன்று இடத்திலும் 0.03 என்று ஒரே மாதிரி வந்தால் பால் ஸ்க்ரூ (டேபிளைத் தள்ளும் திருகு) மேல் சந்தேகம் குறைவு. த்ரஸ்ட் பேரிங், கப்ளிங் இரண்டில் ஒன்று. நடுவில் 0.05, ஓரத்தில் 0.01 என்று வந்தால் ஸ்க்ரூ நடுவில் தேய்ந்துவிட்டது. எந்த கண்ட்ரோலில் ஒற்றை எண்ணை ஈடாகப் போட்டாலும் இது சரியாகாது: நடுவுக்குச் சரியான எண் ஓரத்தில் 40 மைக்ரான் கூடுதலாகத் தள்ளும்.

பேரிங்கா என்று உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. ஸ்க்ரூ முனையின் சென்டர் ஓட்டையில் கிரீஸ் வைத்து எஃகுக் குண்டை ஒட்டி, குண்டின் மேல் டயல் முனையை வையுங்கள். அச்சை முன்னும் பின்னும் அசைக்கும்போது முள் குதித்தால் ஸ்க்ரூவே நீளவாக்கில் ஆடுகிறது. அது பேரிங் அல்லது லாக் நட். இது நல்ல செய்தி. 30டேக்62 போன்ற 60 டிகிரிக் கோண பேரிங்குகள் வாங்கக் கிடைக்கும், ஒரு நாள் வேலை. குண்டு அசையாமல் டேபிள் மட்டும் பின்தங்கினால் நட்டிலோ நட் பிராக்கெட்டிலோ பிளே. பிராக்கெட் போல்ட்டுகளை முதலில் முறுக்கிப் பாருங்கள். லூஸ் போல்ட்டுக்காக ஸ்க்ரூவையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்லைடு கவரைக் கழற்றி ஆயில் வருகிறதா பாருங்கள். பம்பில் ஆயில் நிறைந்திருப்பது ஒரு சாட்சியமே அல்ல. மீட்டரிங் வால்வு ஒன்று அடைத்துக்கொண்டால் ஒரு மூலை மட்டும் வருடக்கணக்கில் உலர்ந்தே ஓடியிருக்கும். பாக்ஸ்வேயில் (பட்டையான ஸ்லைடு தடம்) விரல் நகம் மாட்டும் அளவு கோடு இருந்தால், அடியில் டர்சைட் (தேய்மானத்துக்காக ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை) உரிந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

ஸ்பிண்டில்

டேப்பரைத் துடைத்து, நீல மை மெல்லியதாகத் தடவிய டெஸ்ட் பாரை ஏற்றி இறக்குங்கள். முக்கால் பங்குக்கு மேல் ஒட்ட வேண்டும், அதுவும் அகன்ற முனையில் நன்றாக. மேல்பக்கம் மட்டும் ஒட்டினால் வாய் விரிந்துவிட்டது. பழுப்பு நிறத் துருப்புள்ளிகள் இருந்தால் டூல் ஹோல்டர் வெட்டும்போது நுண்ணியதாக ஆடியிருக்கிறது, அதாவது ஹோல்டரைப் பிடித்து இழுக்கும் விசை குறைவு. பிடி40-க்கு சுமார் 8 கிலோநியூட்டனாவது இருக்க வேண்டும். பாதியாகிவிட்டால் டிஸ்க் ஸ்ப்ரிங் சில உடைந்திருக்கின்றன.

ரன்அவுட் (சுற்றும்போது பார் விலகும் அளவு): மூக்கருகே 0.005, 300 மி.மீ. கீழே 0.015-க்குள் இருந்தால் நல்ல ஸ்பிண்டில். கீழே 0.03 வந்தால் பாரைக் கழற்றி 180 டிகிரி திருப்பிப் போட்டு மீண்டும் பாருங்கள். அதிகப்பட்ச இடம் பாரோடு சேர்ந்து திரும்பினால் குறை உங்கள் பாரில். பிறகு மரக்கட்டையால் ஸ்பிண்டிலை மேலே நெம்பி விடுங்கள். முள் கொஞ்சம் ஏறி, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால் அது வளைவு, பரவாயில்லை. வேறு இடத்தில் போய் நின்றால் பேரிங்கில் இடைவெளி. கடைசியாக, அதிகபட்ச வேகத்தின் முக்கால் பங்கில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். அறைச் சூட்டைவிட 20 டிகிரி ஏறி நின்றால் சரி. முதல் பத்து நிமிடத்திலேயே கை வைக்க முடியாமல் போனால் விலையில் ஸ்பிண்டில் ரீபில்டைக் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது திரும்பிவிடுங்கள்.

பால்பார் கருவி (மெஷினை வட்டமாக ஓட்டிப் பிழையை அளப்பது) வாடகைக்குக் கிடைத்தால் கொண்டுபோங்கள். ஒரு படத்தில் பேக்லாஷ், செங்கோணப் பிழை, சர்வோ ஒத்திசைவு மூன்றும் தெரியும். இல்லையென்றால் அலுமினியத்தில் 100 மி.மீ. வட்டம் ஒன்று ஃபினிஷ் கட் செய்து, ஸ்பிண்டிலில் டயல் கட்டிச் சுற்றாமல், தனியாக எடுத்துப்போய் அளந்து பாருங்கள். மெஷினின் பிழையை அதே மெஷினால் அளந்தால் பாதி மறைந்துவிடும். நான்கு திசைமாற்ற இடங்களிலும் படி விழுந்தால் பேக்லாஷ். வட்டம் 45 டிகிரியில் முட்டை வடிவானால் எக்ஸும் ஒய்யும் செங்கோணத்தில் இல்லை, அல்லது இரண்டு சர்வோவின் கெயின் ஒத்துப்போகவில்லை. கடிகாரத் திசை, எதிர்த்திசை இரண்டிலும் வெட்டிப் பாருங்கள்: முட்டை சாயும் பக்கம் மாறினால் சர்வோ, மாறாவிட்டால் இரும்பு.

எங்கே வெட்டுவது

இரும்பு தேறிவிட்டது. இனி ஒரே கேள்வி: கண்ட்ரோலுக்கும் டிரைவுக்கும் நடுவில் என்ன ஓடுகிறது? செலவைத் தீர்மானிப்பது இதுதான்.

முதல் வகை, ±10 வோல்ட் அனலாக். கண்ட்ரோல் வேகத்தை வோல்ட்டாகச் சொல்கிறது, டிரைவ் டேக்கோவைப் (மோட்டார் வேகத்தை அளக்கும் சிறு ஜெனரேட்டர்) பார்த்து அந்த வேகத்தைப் பிடிக்கிறது. ஃபானுக் 6-எம், டிஎன்சி 151, 155 கால ஹைடன்ஹைன், ஃபேகர் 8025, அனலாக் சிமோடிரைவோடு வந்த சீமென்ஸ் 810 எல்லாம் இப்படித்தான். இங்கே டிரைவும் மோட்டாரும் நன்றாக இருந்தால் அவற்றைத் தொடாமல் கண்ட்ரோலை மட்டும் மாற்றலாம்.

இரண்டாவது வகை, ஃபானுக் டிஜிட்டல் சர்வோ. இதில் டிரான்சிஸ்டர்களை எப்போது திறந்து மூட வேண்டும் என்பதைக்கூட கண்ட்ரோலின் அச்சு கார்டே கணக்கிட்டு அனுப்புகிறது. ஆம்ப்ளிஃபையர் வெறும் தசை. கண்ட்ரோலை எடுத்தால் டிரைவும் மோட்டாரும் சேர்ந்து போகும். பேனலில் ‘ஃபானுக் 0’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஆம்ப்ளிஃபையர் லேபிளைப் படியுங்கள். ஏ06பி-6047 டிசி, 6050 ஏசி, இரண்டும் அனலாக். 6058, 6066, 6079 என்றால் டிஜிட்டல்.

எங்கள் கருத்து: 0-எம்சி உயிரோடு இருந்தால் அதை மாற்றாதீர்கள். கார்டுகளைப் பழுதுபார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆபரேட்டருக்கும் பழக்கமான கண்ட்ரோல். எல்சிடி திரை போடுங்கள், புது செல் போடுங்கள், ஆர்எஸ்-232 வழியாக கம்ப்யூட்டரிலிருந்து புரோகிராமை நேராக அனுப்பும் டிஎன்சி வசதி கொடுங்கள் (4800 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்பது வழக்கமான தொடக்கம்). மெமரி குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ரெட்ரோஃபிட் (கண்ட்ரோல் மாற்றம்) செய்வது வீண்.

மோட்டாரில் எல்லோரும் செய்யும் தப்பு

டிசி சர்வோவை வைத்துக்கொள்வதானால், டிரைவிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு மெகர் போடுங்கள். கழற்றாமல் போட்டால் செத்துப்போவது டிரைவ். 100 மெகா ஓமுக்கு மேல் நல்லது; 1-க்குக் கீழே மோட்டாரைக் கழற்றியே ஆக வேண்டும். பெரும்பாலும் கார்பன் தூள்தான் காரணம். தூளை ஊதி, கம்யூடேட்டரைத் துடைத்து, பிரஷ் மாற்றியதும் ஏறிவிடும். டேக்கோவுக்கும் தனி பிரஷ் உண்டு. குறைந்த வேகத்தில் மட்டும் அச்சு துடிக்கிறது என்றால் அங்கே பாருங்கள்.

மோட்டாரை மாற்றுவதானால் கிலோவாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். பழைய சர்வோக்கள் 1500, 2000 ஆர்பிஎம். 1.5 கிலோவாட், 1500 ஆர்பிஎம் என்றால் 9.55 நியூட்டன் மீட்டர். அதே 1.5 கிலோவாட்டில் மலிவாகக் கிடைக்கும் 3000 ஆர்பிஎம் மோட்டார் 4.77 மட்டுமே தரும். 10 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில் முதலாவது சுமார் 5400 நியூட்டன் தள்ளும், இரண்டாவது அதில் பாதி. காகிதத்தில் ரேபிட் 30 மீட்டர் என்று அழகாக இருக்கும். பெரிய ஃபேஸ் மில் வெட்டும்போது ஓவர்லோட் அலாரம் வரும். 1500 ஆர்பிஎம்மில் 15 மீட்டர் ரேபிட், இந்த வயது மெஷினுக்கு அது போதும்.

ஸ்பிண்டில் டிரைவை முடிந்தவரை காப்பாற்றுங்கள். 0–10 வோல்ட் வாங்கிக்கொள்கிற டிரைவ் என்றால் எந்தப் புதுக் கண்ட்ரோலோடும் சேரும். அதற்குப் பதில் சாதாரண விஎஃப்டி (அதிர்வெண்ணை மாற்றி வேகம் மாற்றும் டிரைவ்) போட்டால் வேகம் வரும். ஆனால் 300 ஆர்பிஎம்மில் டார்க் போய்விடும், ஏடிசிக்குத் (தானாக டூல் மாற்றும் அமைப்பு) தேவையான ஓரியண்டேஷனும், அதாவது ஸ்பிண்டில் ஒரே கோணத்தில் நிற்பதும் போகும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் என்கோடர் கார்டு வைத்த வெக்டர் டிரைவ் வாங்கி, மோட்டார் பிளேட்டில் உள்ள பேஸ் வோல்ட்டேஜும் ஹெர்ட்ஸும் அப்படியே போடுங்கள். ஜப்பான் மோட்டார் 200 வோல்ட். நம் 415-ஐ நேராகக் கொடுக்க முடியாது, டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

பிரிப்பதும் வயரிங்கும்

பழைய கண்ட்ரோலைக் கழற்றுவதற்கு முன், அது ஓடும்போதே ஒவ்வொரு இன்புட்டையும் டயக்னாஸ்டிக் பக்கத்தில் பார்த்துப் பட்டியல் போடுங்கள்: எந்த வயர், எந்த சுவிட்ச், சும்மா இருக்கும்போது 1-ஆ 0-வா. டூல் மேகசின், கிளாம்ப், அன்கிளாம்ப், லூப்ரிகேஷன் பிரஷர், டோர் எல்லாம் சேர்த்து ஏடிசி மெஷினில் 40, 50 இன்புட் எளிதில் வரும். பிரித்த பிறகு இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

லினக்ஸ்சிஎன்சியில் (கம்ப்யூட்டரில் ஓடும் இலவச கண்ட்ரோல் மென்பொருள்) அனலாக் மெஷினுக்குப் பழகிய சேர்க்கை மெசா கம்பெனியின் 7ஐ92டி, 7ஐ77, 7ஐ84 கார்டுகள். 7ஐ77 ஆறு அனலாக் அவுட்புட்டும் ஆறு என்கோடரும் தருகிறது, 7ஐ84-உடன் சேர்த்து 64 இன்புட், 32 அவுட்புட். பல ஷிப்ட், பல ஆபரேட்டர் என்றால் சீமென்ஸ் அல்லது ஃபானுக்கின் புதுப் பாக்கேஜ் நல்லது. லினக்ஸ்சிஎன்சி, பட்டறையில் ஒருவராவது அதை உட்கார்ந்து படிக்கத் தயாராக இருந்தால் மட்டும். பழைய ஹைடன்ஹைன் ஸ்கேல் இருந்தால், பல மாடல்கள் 11 மைக்ரோ ஆம்பியர் சைன் சிக்னல் தருபவை. என்கோடர் இன்புட்டில் நேராகச் செருகினால் எண்ணாது. நடுவில் இருந்த, சைன் சிக்னலைச் சதுரத் துடிப்பாக மாற்றும் இஎக்ஸ்இ பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப் மென்பொருள் வழியாகப் போகக்கூடாது. சுவிட்சிலிருந்து சேஃப்டி ரிலே, அங்கிருந்து டிரைவின் காண்டாக்டர். கண்ட்ரோலுக்குப் போவது தகவல் மட்டும். அனலாக் வயர் முறுக்கிய ஷீல்டு கேபிள், ஷீல்டு கண்ட்ரோல் பக்கம் மட்டும் எர்த். பழைய 110 வோல்ட் ஏசி சோலினாய்டுகளை எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே) வைத்து ஓட்டினால், ஆஃப் நிலையில் கசியும் கரண்டே சிறிய காண்டாக்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே சாதாரண ரிலே போடுங்கள். இசட் பிரேக் காயிலுக்குக் குறுக்கே வழக்கம்போல டயோடு போட்டால் பிரேக் பிடிப்பது தாமதமாகி ஹெட் கொஞ்சம் இறங்கும்; வேரிஸ்டர் போடுங்கள். பிரேக்கை விடுவிப்பது டிரைவ் எனேபிள் ஆன பிறகு. நிறுத்தும்போது பிரேக் கரண்டை வெட்டி 150–200 மில்லிசெகண்ட் கழித்து டிரைவை விடுங்கள்.

முதல் அசைவு

ஹெட்டுக்கு அடியில் மரக்கட்டை. கப்ளிங் கழற்றிய மோட்டார். ஃபெரர் (சொன்ன இடத்துக்கும் உண்மை இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) எல்லை 1 மி.மீ. முதலில் கையால் சுற்றி எண்ணும் திசையைப் பாருங்கள், பிறகு அரை வோல்ட் கொடுத்து அதே திசையில் எண்ணுகிறதா என்று பாருங்கள். எதிராக இருந்தால் லூப் மூடிய நொடியில் மோட்டார் முழு வேகத்தில் பாயும். இதை டேபிளோடு சோதிப்பவர்கள் ஸ்டாப்பரை உடைக்கிறார்கள்.

2500 கோடு என்கோடர் நான்கால் பெருகி 10,000 எண்ணிக்கை, 10 மி.மீ. பிட்சுக்கு மி.மீ.க்கு 1000, ஒரு எண்ணிக்கை ஒரு மைக்ரான். டிரைவின் ஆஃப்செட் பொட்டென்ஷியோமீட்டரை வைத்து நகர்வை நிறுத்துங்கள். 10 வோல்ட்டுக்கு 15 மீட்டர் வேகமென்றால் நொடிக்கு 250 மி.மீ., அவுட்புட் ஸ்கேல் 250. பிஐடி அமைப்பில் எஃப்எஃப்1 (வேகக் கட்டளையை முன்கூட்டியே கொடுக்கும் எண்) ஒன்று. பி-யை (பிழைக்கு எவ்வளவு வேகமாக எதிர்வினை என்ற கெயின்) 10-இலிருந்து ஏற்றி, ஹால்ஸ்கோப்பில் (லினக்ஸ்சிஎன்சியின் அலைவரிசைத் திரை) அச்சு நடுங்கத் தொடங்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். நடுக்கம் 10, 12-லேயே வந்தால் பிஐடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். டிரைவின் வேக லூப் சரியில்லை, அல்லது கப்ளிங் லூஸ்.

ஹோமிங்கில் (மெஷின் தன் பூஜ்ய இடத்தைத் தேடுவது) வரும் ஒரு விசித்திரம்: மெஷின் பத்து நாள் சரியாக ஹோம் ஆகும், பதினோராம் நாள் எல்லா ஜாபும் சரியாக 10 மி.மீ. தள்ளி வெட்டும். டாக் (அச்சோடு நகரும் கட்டை) சுவிட்சை விடும் இடம் இண்டெக்ஸ் பல்ஸுக்கு (என்கோடர் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தரும் துடிப்பு) மிக அருகில் இருக்கிறது. சில நாள் இந்தப் பல்ஸ், சில நாள் அடுத்தது. இரண்டுக்கும் இடையில் 3 முதல் 7 மி.மீ. இருக்கும்படி டாக்கை நகர்த்துங்கள்.

ஏடிசியைக் கடைசியில் எடுங்கள், ஒவ்வொரு அசைவுக்கும் உறுதிப்படுத்தும் சுவிட்சையும் டைம் அவுட்டையும் வைத்து. பிட்ச் பிழை ஈடு அதற்கும் பிறகு. அதை அளக்கும் முன் அச்சை அரை மணி நேரம் ஓட்டுங்கள்: 500 மி.மீ. எஃகு ஸ்க்ரூ 5 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 29 மைக்ரான் நீளும். குளிர்ந்த காலையில் எடுத்த அட்டவணையைப் போட்டால், மதிய ஷிப்டில் அது பிழையைக் கூட்டவே செய்யும்.